சட்டப்படி சுத்தமான வண்டி

நோயாளிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிடுசிடு சிஸ்டர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் அவர்களில் டீச்சர் ஒருத்திக்குத்தான் இருந்தது.

நுரையீரல் கெட்டு, வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். காலையில் காரில் கிளம்பினால் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி வருவாள். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள், மூக்குக் குழாயை மாற்றுவாள், முதுகில் தட்டிச் சளியை வெளியே எடுக்க வைப்பாள், மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துத் திட்டுவாள். திட்டி முடித்து, போர்வையை இழுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவாள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எந்த மாப்பிள்ளைக்கு அந்த நெஞ்சழுத்தம் இருக்கு?" என்பான் தம்பி.

தம்பி ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளன். நல்லவன், ஆனால் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, இந்த டீசல் காரை அவள் தலையில் கட்டியவன் அவன்தான்.

"அக்கா, நீ பார்க்கிறது மூச்சு விட முடியாத ஜனங்களை. நீ போற வண்டி புகை கக்கினா நல்லாவா இருக்கும்? இது புது டெக்னாலஜி. டீசல்னு சொன்னாத்தான் டீசல். அரசாங்கமே டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் குடுத்திருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அசைத்தது. யாரோ சோதித்துப் பார்த்து முத்திரை குத்திய மருந்தைத்தான் அவள் தினமும் ஊசியில் ஏற்றினாள். யாரோ அளந்து சரி சொன்ன அழுத்தமானியைப் பார்த்துத்தான் ஆக்சிஜனைத் திறந்தாள். முத்திரையை நம்பவில்லை என்றால் அவள் தொழிலே நடக்காது. காரை வாங்கினாள். அதோடு நிற்காமல் சித்தியிடம் சொன்னாள், கூட வேலை பார்க்கும் இரண்டு நர்சுகளிடம் சொன்னாள், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். அவர்களும் தம்பியிடமே போய் அதே காரை வாங்கினார்கள்.

விஷயம் வெளியே வந்த அன்று அவள் டீச்சர் வீட்டில் இருந்தாள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவள். இப்போது மூக்கில் குழாயோடு, மெயின் ரோட்டைப் பார்த்த தரைத்தள வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே சிக்னல். சிவப்பு விழும்போதெல்லாம் வண்டிகள் அவள் தலைமாட்டில் வந்து நின்று உறுமும். அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு செய்தித்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பாள்.

"ஏம்மா சிடுசிடு, உன் வண்டி என்ன கம்பெனி?"

அவள் சொன்னாள்.

"அப்ப இதைப் படி. உன் வண்டி பலே கில்லாடி போலிருக்கே."

அவள் நின்றபடியே படித்தாள். அந்தக் கம்பெனியின் டீசல் கார்களுக்கு, தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்பது தெரிந்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் காரின் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் அசையாது. அதை வைத்தே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். உடனே புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் முழுமூச்சாக வேலை செய்யும். கார் ரோட்டுக்கு வந்து ஸ்டியரிங் திரும்பியதும் அந்தக் கருவிகள் பாதி உறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு, அனுமதித்த அளவைப் போல் பல மடங்கு குழாய் வழியே வெளியே போகும்.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் கிளாஸ் மொத்தமும் கைகட்டி உட்காருமே, அது மாதிரி" என்றாள் டீச்சர். "என் பிள்ளைங்களும் செய்வாங்க. ஆனா அவங்களுக்கு வயசு பத்து."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அவளுடைய கார் நிழல் தேடி ஜன்னலை ஒட்டி நின்றிருந்தது. பின்பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தது. சற்றுமுன் அதை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்ட போனைப் பேசி முடிக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஐந்து வருஷமாக ஒவ்வொரு நோயாளி வீட்டு வாசலிலும் இப்படித்தான் நிறுத்தியிருக்கிறாள். உள்ளே போய் அவர்கள் நெஞ்சில் காதை வைத்து, "ஏன் போன வாரத்தைவிட இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, மருந்து ஒழுங்கா எடுக்கலையா?" என்று அதட்டியிருக்கிறாள்.

அவளுக்குக் கோபம் புதிதல்ல. ஆனால் இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து, "வாங்க அண்ணி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டாள்.

"எனக்குத் தெரியுமாக்கா?" என்றான் தம்பி. "அவங்க குடுத்த பேப்பர்ல என்ன இருந்துச்சோ அதைச் சொன்னேன். என்னையும் சேர்த்துத்தானே ஏமாத்தியிருக்கான்?"

"உன்னை ஏமாத்தினாங்க, நீ என்னை ஏமாத்தினே, நான் சித்தியை ஏமாத்தினேன். எல்லாரும் நல்லவங்க. அப்ப அந்த நாத்தம் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"கத்தாதக்கா. சரி பண்ணித் தர்றாங்க. லேப்டாப்பைச் சொருகி சாப்ட்வேரை மாத்துவாங்க, அவ்வளவுதான். காசு கிடையாது. அங்கீகார ஆபீசே அதைப் பார்த்து ஓகே பண்ணியாச்சு."

"எந்த ஆபீஸ்?"

"வண்டிகளுக்கு அங்கீகாரம் குடுக்கிற ஆபீஸ்."

"முதல்ல இந்த வண்டியை நல்ல வண்டின்னு சொன்னாங்களே, அவங்களேவா?"

தம்பி மனைவியைப் பார்த்தான்.

"ஒரு காது போதுமா, இல்ல ரெண்டு காதுலயும் பூ வைக்கணுமா?" என்றாள் அக்கா.

கடைசியில் தம்பி கெஞ்சினான். அவன் கையால் கார் வாங்கியவர்கள் தெருவில் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அக்காவே முதலில் வந்து மாற்றிக்கொண்டால் மற்றவர்களும் வருவார்கள். "என் மானத்தைக் காப்பாத்துக்கா." தம்பி கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. திட்டிக்கொண்டே கொடுப்பாள். இதையும் திட்டிக்கொண்டே கொடுத்தாள்.

சாப்ட்வேரை மாற்றிக்கொண்டு வந்தபின் கார் மந்தமானது. மேட்டில் ஏறும்போது இழுவை போதவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிவதும் அணைவதுமாக இருந்தது. சர்வீஸ் சென்டரில், "பழகிடும் மேடம்" என்றார்கள்.

டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, சீக்கிரம் வா என்றாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள். பத்து நிமிஷத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். மேம்பாலத்தின் நடுவில் மஞ்சள் விளக்கு சிவப்பானது. கார் ஒரு உதறு உதறியது, வேகம் தானாகவே இறங்கியது, பிறகு நின்றேவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப ஒரு முனகல். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஒருவன் கண்ணாடியை இறக்கி, "ஓட்டத் தெரியலைன்னா வீட்ல இரும்மா" என்று கத்திவிட்டுப் போனான்.

மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு காரை அங்கேயே விட்டுவிட்டு மழையில் ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது கட்டில் காலியாக இருந்தது. ஆம்புலன்ஸ் சற்று முன்தான் போயிருந்தது. தரையில் பூதக்கண்ணாடி கிடந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டீச்சர் பிழைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பி வந்த டீச்சருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. பாதியில் நிறுத்தி, காற்றைத் தேடி, மீதியைச் சொன்னாள். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி பேசியவள்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ள அனுப்பற வால்வு அடைச்சிருக்கு. புது சாப்ட்வேர்ல அது கொஞ்சம் கூடுதலா வேலை செய்யும். அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல மேடம், நீங்க ஊருக்குள்ளயே மெதுவா ஓட்டறீங்க, அதான்" என்றார்.

"ஊருக்குள்ள ஓட்டாம? ஆகாசத்துல ஓட்டணுமா? என் நோயாளிங்க ஊருக்குள்ளதான் சார் செத்துக்கிட்டிருக்காங்க."

அந்த நேரத்தில்தான் ஒரு கல்லூரியில் காற்றை ஆராயும் குழுவினர், சாப்ட்வேர் மாற்றிய கார்களை ரோட்டில் ஓட்டி அளந்து பார்க்க உரிமையாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் காரைக் கொடுத்தாள். காரின் பின்னால் பெட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைப் புகைக்குழாயில் மாட்டினார்கள். அவளையே வழக்கமான பாதையில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல், சந்து, மேம்பாலம், டீச்சர் வீட்டுத் தெரு. முடிவைச் சொல்ல வந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: சரிசெய்த பிறகும், அனுமதித்த அளவைப் போல் ஒன்பது மடங்கு.

"இவ்வளவு பாடுபட்டு வண்டியைக் கெடுத்து, காத்தையும் காப்பாத்தலையா?" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ அவளே தப்புச் செய்ததுபோல.

அங்கீகார அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். பிறகு நேரில் போய், வரவேற்பறையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்றாள். கடைசியில் ஓர் அதிகாரி கூப்பிட்டார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, மென்மையான குரல். தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க வருத்தம் புரியுது மேடம். ஆனா உங்க வண்டிக்கு அங்கீகாரம் குடுத்தப்ப இருந்த விதி, சோதனைக்கூடத்துல இவ்வளவுக்கு மேல வரக்கூடாதுன்னுதான் சொல்லுது. மாத்தின சாப்ட்வேரோட கூடத்துல ஓட்டிப் பார்த்தோம். வரலை."

"ரோட்ல வருதே சார்."

"அந்த விதியில ரோடுன்னு ஒரு வார்த்தையே இல்ல மேடம்."

அவள் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"சார், நான் ஒரு நோயாளிக்கு மருந்து குடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா மட்டும் வேலை செய்யும், வீட்டுக்குப் போனா விஷமாயிடும். அதுக்கு நீங்க முத்திரை குத்துவீங்களா?"

"மருந்து வேற டிபார்ட்மெண்ட்."

"மூச்சு எந்த டிபார்ட்மெண்ட்?"

அதிகாரி லேசாகப் புன்னகைத்தார். "எழுத்துல பதில் அனுப்பறேன்" என்றார்.

பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. மேற்படி வாகனம் அனைத்து விதிகளுக்கும் உட்பட்டுள்ளது என்று இருந்தது. அதை டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, "அனைத்து..." என்று சொல்லி, மூச்சு வாங்கி, "விதிகளுக்கும்" என்று முடித்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காரை அங்கீகார அலுவலகத்துக்கு ஓட்டினாள். இதற்குள் அவள் நோயாளிகளின் வீட்டுத் தெருவுக்குள்ளேயே காரைக் கொண்டுபோவதை நிறுத்தியிருந்தாள். தள்ளி எங்கேயாவது நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். இன்றைக்கு நடக்கிற எண்ணம் இல்லை. அலுவலக முற்றத்துக்குள் போய், வாசல் படிகளை ஒட்டி, முதல் மாடி ஜன்னல்களுக்கு நேர் கீழே காரைப் பின்பக்கமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, கதவைப் பூட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கார் கடகடத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் படிகளை ஒட்டியிருந்த தன் கூண்டிலிருந்து வந்தார். வயதானவரும் இல்லை, இளைஞரும் இல்லை. கழுத்தில் ஒரு துண்டு.

"மேடம், வண்டியை ஆஃப் பண்ணுங்க."

"ஏன்?"

"மேலேர்ந்து போன் வந்துச்சு. நாத்தம் வருதாம்."

"அப்படியா? இது அவங்க சர்டிபிகேட் குடுத்த வண்டி. நாத்தமே வராது. நல்லா மோந்து பார்க்கச் சொல்லுங்க."

முதல் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, ஆனால் அதில் இனிப்பு இல்லை. "ஏன் சார் சாத்தறீங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "சட்டப்படி சுத்தமான வண்டி சார்! சும்மா திறந்து வைங்க!"

இஸ்திரிச் சட்டை அதிகாரி இறங்கி வந்தார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. அதைக் கீழே இறக்கலாமா என்று யோசித்து, இறக்கினார்.

"நீங்க செய்றது சரியில்ல மேடம்."

"வண்டி சுத்தமா இல்லையா சார்?"

"விதிப்படி சுத்தம்தான்."

"அப்ப எதுக்கு அணைக்கணும்?"

"முதல்ல அணைங்க, சொல்றேன்."

"முதல்ல சொல்லுங்க, அணைக்கிறேன். இந்த வண்டி நச்சைக் கக்குதுன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் நான் இந்த வாசல் பக்கமே வர மாட்டேன்."

அவர் சொல்லவில்லை. யாருக்கோ போன் செய்தார். படிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான். அவளுக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. இதைவிடச் சத்தமாக, இதைவிடக் கேவலமாக எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது வாட்ச்மேன் இருமினார்.

அவள் திரும்பினாள். இருமலை அவளால் பார்க்காமலே படிக்க முடியும். இது தூசிக்கு வந்த இருமல் இல்லை. அடியிலிருந்து வந்தது, முடிவில் ஒரு விசில் இருந்தது. அவர் கூண்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மேலே இருந்தவர்களுக்குச் சாத்திக்கொள்ள ஜன்னல் இருந்தது. இவருடைய கூண்டுக்குக் கதவுகூட இல்லை. அதன் வாய்க்கு எதிரேதான் அவளுடைய புகைக்குழாய் இருந்தது.

ஓடிப்போய்க் காரைத் திறந்து எஞ்சினை அணைத்தாள். முற்றம் திடீரென்று அமைதியானது. அதிகாரி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, வாட்ச்மேனைப் படியில் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி முதுகில் வைத்தாள்.

"மூச்சை இழுங்கண்ணே. விடுங்க. எத்தனை நாளா இருக்கு?"

"அது கெடக்கு மேடம். சோதனைக்கு வர்ற வண்டியெல்லாம் இங்கதானே வரிசையா நிக்கும். காலையிலேர்ந்து."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"லீவு போட்டா வேற ஆளை வச்சிருவாங்க."

அவள் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கத்துவதற்கு வந்த இடத்தில், கத்தாத ஒருவர் நெஞ்சில்தான் தன் புகையும் இறங்கியிருக்கிறது. "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. "பரவால்ல மேடம், நீங்க கேட்டது நியாயம்தான்" என்று மெதுவாக, அதிகாரிக்குக் கேட்காதபடி சொன்னார்.

அதற்குள் அதிகாரி கூப்பிட்ட நகராட்சி ஆட்கள் வந்து அபராதச் சீட்டு எழுதினார்கள். எஞ்சினைத் தேவையின்றி ஓடவிட்டு, நச்சுப்புகையால் பொது இடத்தின் காற்றை மாசுபடுத்திய குற்றம். அவள் அதை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுதியவன் அவள் சண்டை பிடிப்பாள் என்று ஒதுங்கி நின்றான்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றாள்.

வீட்டுக்குப் போய் நகராட்சிக்கு எழுதினாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அபராதம் கட்டத் தயார். என் வண்டி நச்சுப்புகை விடுகிறது என்பதற்குச் சாட்சி அந்தக் கட்டடத்தில் இருந்து ஜன்னலைச் சாத்தியவர்கள்தான். அவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, அதைப் பதிவு செய்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் பதில் வந்தது. அபராதம் ரத்து.

தம்பியைக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தனியாகப் போனால் யாரையாவது அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கவுண்டரில் மூக்குக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள்.

"அபராதம் கட்டணும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "கேஸே இல்லையே மேடம். எப்படிப் பணம் வாங்கறது?"

"நான் தப்பு பண்ணினேன். ஒத்துக்கிறேன். வாங்கிக்கங்க."

"நீங்க தப்பு பண்ணலைன்னு முடிவு பண்ணிட்டாங்க மேடம். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. இந்தக் கவுண்டர்ல இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

"யாரு முடிவு பண்ணினது?"

அந்தப் பெண் பக்கத்து மேஜையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அங்கீகார ஆபீஸ்லேர்ந்து எழுதியிருக்காங்க. அங்கீகாரம் பெற்ற வண்டி, அதனால மாசு ஏற்பட வாய்ப்பில்லைன்னு."

அவள் கவுண்டர் பலகையில் உள்ளங்கையை ஓங்கி அறைந்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவளுக்குப் பதிலாகத் தம்பி பேசினான்.

"வாய்ப்பில்லைன்னா எழுதியிருக்காங்க?"

"ஆமா சார்."

"ஜன்னலைச் சாத்தின அதே ஆளுங்களா?"

கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு ஜன்னல் கதை தெரியாது. தம்பி கேட்டது அவளிடமும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாதவன் அப்படி உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஷோரூமுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கம்பெனி புதிதாகக் கொண்டுவந்திருந்த டீசல் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பின்சீட்டில் குழந்தை நாற்காலி பொருந்துமா என்று அந்தப் பெண் அளந்து பார்த்தாள். பிறகு தம்பியிடம் கேட்டாள், "இது சுத்தமான வண்டிதானே?"

"தெரியாதும்மா" என்றான் தம்பி. "போன தடவை தெரியும்னு சொன்னேன். என் கூடப் பொறந்த அக்காகிட்டயே சொன்னேன். சர்டிபிகேட் இருக்கு, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

தம்பதி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அன்று மாலையே வேலை போனது.

அதை அவளுக்குச் சொன்னது தம்பி இல்லை, தம்பி மனைவி. வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"திருப்தியா அண்ணி? கம்பெனிக்காரன் நல்லா இருக்கான். ஆபீசர் நல்லா இருக்கான். உங்க கோபத்துக்கு எங்க அடுப்புதான் அணைஞ்சுது. பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்? உங்க அத்தை நியாயம் பேசினாங்க, அதனால உங்கப்பாவுக்கு வேலை இல்லைன்னா?"

திட்டுவதற்கு எப்போதும் சொல் கிடைக்கும், திட்டு வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்குப் பழக்கமில்லை. அப்படியே நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அதன்பிறகு தம்பி மருந்துக் கம்பெனி ஒன்றின் வேனை ஓட்டினான். முன்பு வந்ததில் பாதிதான் வந்தது. அவள் ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. தம்பி மனைவி கதவைத் திறப்பாள், டீயைக் கொண்டுவந்து டம்ளர் அதிரும்படி வைப்பாள், உள்ளே போய்த் தையல் மெஷினை மிதிப்பாள். அவள் டீயைக் குடித்துவிட்டு, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து அவர்களைத் திட்டிவிட்டு வருவாள்.

இதற்கிடையில் டீச்சர் ஒரு காரியம் செய்தாள். பேசத்தானே மூச்சு வேண்டும், எழுத வேண்டாமே என்று, தன் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினாள். அபராதம் கட்ட வந்தவளை அரசாங்கம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய கதையை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தாள். அது அச்சில் வந்ததும் மற்ற கார்க்காரர்கள் சிடுசிடு சிஸ்டரைத் தேடி வந்தார்கள். மேம்பாலத்தில் நின்றுபோனவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சரிசெய்த கார்களை ரோட்டில் ஓட்டி அளந்து காட்டுங்கள் என்று நீதிமன்றம் அங்கீகார அலுவலகத்துக்குச் சொன்னது. கம்பெனி அதை எதிர்த்து மேல்முறையீடு போனது. தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. இஸ்திரிச் சட்டை அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். வாட்ச்மேனை அவள் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்துவிட்டாள். அவர் பெயரும் அவள் பார்க்கும் நோயாளிகளோடு சேர்ந்தது.

தெரிந்தவர்கள் காரை விற்றுவிடச் சொன்னார்கள். "யார் தலையில கட்டச் சொல்றீங்க?" என்று கேட்டாள். சிலிண்டரைத் தூக்க வேண்டிய நாளில் மட்டும் அதை எடுத்தாள். மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் போய், நோயாளிகளிடம் தாமதத்துக்குத் திட்டு வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கோர்ட்டு தேதி எப்போ அண்ணி?"

"வியாழக்கிழமை. ஏம்மா?"

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? அங்க நாள் முழுக்கச் சும்மா உட்காரணும். மறுபடி தள்ளித்தான் வைப்பாங்க."

"வைக்கட்டும். கம்பெனிக்காரன் வருவான்ல? அந்த ஆபீசர் வருவான்ல?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உங்களைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போச்சு அண்ணி. நீங்க திருப்பித் திட்டவும் மாட்டேங்கறீங்க. அவங்க மூஞ்சியை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஜட்ஜ் வந்தா கத்தக் கூடாது. வெளியே வராந்தாவுல கத்தலாம்."

"சரி."

"அவங்க லிப்டுல போவாங்க. நாம படியில சீக்கிரம் ஏறி மேல போய் நின்னுக்கணும்."

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"எட்டுக்கு. பஸ்லதான்."

"பின்னே, உங்க வண்டியிலயா?" என்றாள் தம்பி மனைவி.